தயாரித்தவர் போன பிறகு: பழைய ஷேவிங் பிரஷ்ஷுக்குப் புதிய முடிக்கட்டு பொருத்துவது எப்படி

நன்றாகச் செய்யப்பட்ட ஷேவிங் பிரஷ் ஒன்றில் இரண்டு ஆயுட்காலங்கள் சேர்ந்திருக்கின்றன. தினமும் நனைந்து, சோப்பில் சுழன்று, முகத்தில் தேய்ந்து, மறுபடி காயும் முடிக்கு, கவனமாகப் பயன்படுத்தினால், பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆயுள். அதைத் தாங்கும் மரம், கொம்பு அல்லது ரெசின் கைப்பிடியோ அதைப்போல் பல மடங்கு காலம் உழைக்கும். முடி உதிர்ந்து வலுவிழந்தால் பிரஷ்ஷைச் செய்த பட்டறைக்கே அனுப்பி, பழைய முடியை எடுத்துவிட்டுப் புதியதைக் கட்டி வாங்கிக்கொள்ளும் வசதி முன்பு இருந்தது. அத்தகைய பட்டறைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. தாத்தாவின் மரப்பெட்டியிலிருந்தோ பழம்பொருள் விற்கும் கடையிலிருந்தோ கிடைத்த ஒரு பிரஷ்ஷை மறுபடி பயனுக்குக் கொண்டுவர விரும்புகிறவர், அந்தக் கைவினைஞரின் வேலையில் ஒரு பகுதியையாவது தாமே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதுவரை பதினோரு பிரஷ்களுக்கு இந்த வேலையைச் செய்திருக்கிறேன். முதல் இரண்டு கைப்பிடிகளை அவசரத்தால் பாழாக்கினேன். அந்தத் தவறுகளை மற்றவர்கள் செய்யாதிருக்க வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு கட்டத்தையும் விரிவாக எழுதுகிறேன்.

கையிலுள்ள பொருளின் மதிப்பு தெரிந்தால்தான் அதில் துளையிடுவதற்கு முன் கை தயங்கும் என்பதால், இந்தத் தொழில் எப்படித் தேய்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் சிம்சன் பிரஷ்களை எடுத்துக்கொள்வோம். (நம் சென்னை அண்ணாசாலையிலுள்ள சிம்சன் நிறுவனம் வேறு, இது வேறு.) அலெக்சாண்டர் சிம்சன் 1919-இல் லண்டனில் தொடங்கிய இந்தப் பட்டறை, இரண்டாம் உலகப்போரின்போது விழுந்த குண்டுகளால் அழிந்தது. பிறகு சாமர்செட் மாவட்டத்தில் சார்டு என்ற சிற்றூருக்கு அருகிலுள்ள நிம்மர் மில்ஸ் என்னும் பழைய ஆலையில் தொழில் மறுபடி தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடந்தது. 2008-இல் நிறுவனம் ஐல் ஆஃப் மான் தீவிலிருந்த வல்ஃபிக்ஸ் என்ற மற்றொரு பிரஷ் நிறுவனத்தாரின் கைக்கு மாறியது. உற்பத்தி தீவுக்குப் போனது, சாமர்செட் பட்டறை முடிவுக்கு வந்தது. பெயர் பிழைத்தது, பிரஷ்களும் இன்றுவரை வருகின்றன. ஆனாலும் பழைய பிரஷ்களைச் சேகரிப்பவர்கள் ‘சாமர்செட் காலத்துப் பிரஷ்’ என்று தனியாகப் பிரித்துச் சொல்லும்போது, ஒரு குறிப்பிட்ட அறையில் குறிப்பிட்ட சிலரின் கைகளில் இருந்த பழக்கத்தையே நினைவுகூர்கிறார்கள்.

தேய்வுக்குக் காரணம் போரும் கைமாற்றமும் மட்டும் அல்ல. கிங் ஜில்லெட் 1904-இல் காப்புரிமை பெற்ற பாதுகாப்பு ரேசர், தொடக்கத்தில் பிரஷ் தொழிலுக்கு நன்மையே செய்தது. வாரத்துக்கு ஓரிரு முறை நாவிதரிடம் போனவர்கள் வீட்டிலேயே தினமும் சவரம் செய்யத் தொடங்கினார்கள்; முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் லட்சக்கணக்கான ரேசர்களைப் படைவீரர்களுக்குக் கொடுத்தது; ஒவ்வொரு ரேசருடனும் ஒரு பிரஷ்ஷும் தேவைப்பட்டது. அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. 1919-இல் பார்பசால், 1925-இல் பர்மா-ஷேவ் என்று பிரஷ் இல்லாமல் விரலாலேயே பூசிக்கொள்ளும் கிரீம்கள் அமெரிக்காவில் வந்தன. 1931-இல் ஷிக் மின்சார ரேசர் விற்பனைக்கு வந்தது. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அழுத்தினால் நுரையாகவே வெளிவரும் டப்பா வந்தது. நுரையை உண்டாக்குவதுதான் பிரஷ்ஷின் முதல் வேலை. அந்த வேலையை டப்பா எடுத்துக்கொண்ட பிறகு பிரஷ் பழக்கத்தாலும் பிரியத்தாலும் மட்டுமே உயிர்வாழ வேண்டியதாயிற்று.

இவ்வாறு மறைந்ததில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது முடி கட்டும் கைத்திறன். முடியைத் தரம் பிரித்து, ஒரு பிரஷ்ஷுக்கு இவ்வளவு என்று தராசில் நிறுத்து, உட்குழிந்த அடியுடைய சிறிய பித்தளைக் கிண்ணம் ஒன்றில் நுனி கீழே இருக்கும்படி போட்டு, மேசையில் மெல்லத் தட்டித் தட்டி முடிகளைத் தாமாகவே கீழிறங்க விடுவார்கள். கிண்ணத்தின் குழிவு எப்படியோ அப்படியே பிரஷ்ஷின் தலை குமிழாக உருவாகும். பிறகு வேர்ப்பக்கத்தை நூலால் இறுக்கிக் கட்டி, பசையில் தோய்த்துக் கெட்டியாக்குவார்கள். இதில் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு: நுனியை ஒருபோதும் கத்தரிக்கக் கூடாது. இயற்கையான முடியின் நுனி மெலிந்து கூராக முடிவதால்தான் அது முகத்தில் மென்மையாகப் படுகிறது. வெட்டப்பட்ட நுனி குத்தும். வடிவத்துக்காக நுனியைச் சீராகக் கத்தரித்த மலிவான பிரஷ்ஷையும், கிண்ணத்தில் தட்டி வடிவம் பெற்ற பிரஷ்ஷையும் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் வைத்துப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். இப்படிக் கட்டிப் பசையிட்ட முடித்தொகுதியையே இக்கட்டுரையில் முடிக்கட்டு என்று குறிப்பிடுகிறேன். இன்று உலகில் விற்கும் முடிக்கட்டுகளில் மிகப் பெரும்பகுதி சீனாவில் தயாராகிறது. பல விற்பனையாளர்கள் அவற்றை வாங்கித் தங்கள் கைப்பிடிகளில் ஒட்டுகிறார்கள். நாம் செய்யப்போவதும் இந்தக் கடைசி வேலையைத்தான். முடி கட்டுவதை வீட்டில் ஓரிரு வாரங்களில் கற்க முடியாது.

முதலில் பிரஷ்ஷைப் படியுங்கள்

வேலையில் இறங்குவதற்கு முன் பிரஷ்ஷை ஒரு நாளாவது மேசையில் வைத்துப் பாருங்கள். கைப்பிடியில் பெயரோ நாடோ பொறிக்கப்பட்டிருந்தால் அதையும், அடிப்பகுதியில் காகித ஒட்டு இருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள், ஏனென்றால் ஈரம் பட்டால் அவை போய்விடும். பழைய அமெரிக்கப் பிரஷ்களில் ‘ஸ்டெரிலைஸ்டு’ (கிருமி நீக்கப்பட்டது) என்ற சொல் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அது விளம்பரத்துக்காகச் சேர்த்த அழகுச் சொல் அன்று. அதன் பின்னால் ஒரு கொடிய வரலாறு இருக்கிறது.

முதல் உலகப்போருக்கு முன் கிழக்காசியாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்த குதிரை முடி பெரும்பாலும் ஐரோப்பிய வணிகர்கள் வழியாகச் சுத்திகரிக்கப்பட்டு வந்தது. போர் அந்த வழியை அடைத்தது. சரியாகச் சுத்திகரிக்கப்படாத குதிரை முடியில் செய்த மலிவான பிரஷ்கள், சில சமயம் பேட்ஜர் என்ற விலங்கின் விலையுயர்ந்த முடி போலத் தோன்றும்படி சாயமிடப்பட்டு, சந்தைக்கு வந்தன. அவற்றின் வழியாக ஆந்த்ராக்ஸ் (அடைப்பான்) நோயின் கிருமி பரவிப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் படைவீரர்களும் இருந்தனர். சவரத்தின்போது ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத சிறு கீறலே அந்தக் கிருமிக்கு வாசலாகப் போதும். பிரிட்டன் 1919-இல் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டம் ஒன்றையே இயற்றியது. ஆந்த்ராக்ஸ் வித்துகள் பல பத்தாண்டுகள் உயிர்ப்போடு கிடக்கக் கூடியவை. சாதாரணச் சோப்போ சுடுநீரோ அவற்றை அழிப்பதில்லை. ஆகவே 1930-க்கு முற்பட்டது என்று தோன்றும் பிரஷ்ஷின் முடியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், முகத்தில் படவிடாதீர்கள். ஆபத்து மிகச் சிறியதுதான். ஆனால் அதற்காக எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கை அதைவிட எளியது: அந்த முடியை நீக்கிவிட வேண்டும். குதிரை முடி என்ற ஐயம் வலுவாக இருந்தால் கைப்பிடியைக் காட்சிப் பொருளாக வைத்துக்கொண்டு இந்த வேலையையே தவிர்த்துவிடுங்கள்.

அடுத்து, கைப்பிடி எந்தப் பொருளால் ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெண்ணிறமாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும் பழைய கைப்பிடிகளில் பெரும்பாலானவை பிளாஸ்டிக்கின் முன்னோடிகள். கட்டை விரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசம் வருவது செல்லுலாய்டு. அது எளிதில் தீப்பற்றும் என்பதால் அதனருகே சூடு காட்டக் கூடாது, வேகமாகச் சுழலும் துளைக்கருவியையும் கொண்டுபோகக் கூடாது. பால் புரதத்திலிருந்து செய்த கேசின் வகை நீரில் ஊறினால் உப்பி வெடிக்கும். தேன் நிறத்திலுள்ள சில கைப்பிடிகள் தொடக்கத்தில் வெள்ளையாக இருந்து காலத்தால் பழுத்தவை. அந்த நிறத்தைச் சுரண்டி வெண்மையை மீட்க முயல்வது தவறு என்பது என் கருத்து. உண்மையான தந்தமாக இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், உருப்பெருக்கியில் குறுக்கு வெட்டுப் பரப்பைப் பாருங்கள். ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைகோடுகள் தெரிந்தால் அது தந்தம். நேரான இணைகோடுகள் மட்டும் தெரிந்தால் அது தந்தத்தைப் போலச் செய்த பிளாஸ்டிக். இந்தியாவில் தந்த வணிகம் தடைசெய்யப்பட்டது, பிரிட்டனும் 2018-இல் சட்டம் இயற்றி அதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. அப்படியொரு பிரஷ்ஷை வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

பழைய முடியை நீக்குதல்

இந்த வேலையை வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, முடியை முதலில் நன்றாக நனைத்துவிட வேண்டும், அப்போதுதான் வெட்டும்போது தூசு பறக்காது. பெரிய கத்தரிக்கோலால் கைப்பிடியின் விளிம்போடு ஒட்ட வெட்டி, வெட்டிய முடியையும் கையுறையையும் ஒரு பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். இப்போது கைப்பிடியின் வாயில் ஒரு வட்டமான முடித்தட்டு தெரியும். அதற்குக் கீழே பழைய பசையும் நூலும் இறுகிக் கிடக்கும்.

இந்த எச்சத்தை எடுப்பதுதான் வேலையில் மிகக் கடினமான பகுதி, நான் இரண்டு கைப்பிடிகளை இழந்ததும் இங்கேதான். ஒன்றைக் கொதிக்கும் நீரில் போட்டேன். பசை இளகும் என்று நினைத்தேன், இளகுவதற்கு முன் கைப்பிடி நெடுக்காகப் பிளந்தது. இன்னொன்றில் ஒரே முறையில் துளைக்கருவியின் பெரிய அலகை (பிட்) செலுத்தினேன். அது முடியில் சிக்கிச் சுழன்று விளிம்பைப் பெயர்த்துவிட்டது. சரியான முறை இது. கைப்பிடியைப் பழைய சைக்கிள் டியூபால் சுற்றி, மேசையில் பொருத்தும் பிடிகருவியான வைஸில் மென்மையாகப் பிடிக்க வைத்து, நடுவில் சிறிய துளையொன்றைக் குறைந்த வேகத்தில் இடுங்கள். பிறகு 2 மி.மீ. படிகளாகப் பிட்டின் அளவைக் கூட்டிக்கொண்டே போங்கள். சுவரிலிருந்து ஏறத்தாழ 2 மி.மீ. தூரத்தில் துளைப்பதை நிறுத்திவிட்டு, மீதியைச் சிறிய உளியாலோ வளைந்த கத்தியாலோ கையால் சுரண்டி எடுங்கள். கடைசியில் ஒரு குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி உட்சுவரைத் தேய்த்தால் போதும். மின்கருவியால் பத்து நிமிடத்தில் முடியும் இந்த வேலையைக் கையால் செய்ய ஒரு மாலைப்பொழுது ஆகும். அந்த மாலைப்பொழுதை ஒதுக்குங்கள்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்திலுள்ள நூவர்க்கில் தயாரான ரப்பர்செட் பிரஷ்களிலும், அந்த முறையைப் பின்பற்றிய மற்றவற்றிலும், முடியின் வேர்ப்பக்கம் வல்கனைஸ் செய்யப்பட்ட (கந்தகத்தோடு சூடாக்கி இறுக்கிய) கெட்டி ரப்பரில் பதிக்கப்பட்டிருக்கும். முடி உதிராது என்பதே அவற்றின் பெருமை, அதில் உண்மையும் இருந்தது. நூறு ஆண்டுகளுக்குப் பின் அந்த ரப்பர் கல்லைப் போல ஆகிவிடுவதால், அதை மேலே சொன்னபடி பொறுமையாகக் குடைந்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் காலத்துக் கைப்பிடிகள் சில உள்ளே வெற்றிடமாக இருப்பதும் உண்டு. அடைப்பை எடுத்ததும் அடியே குழிவாகத் தெரிந்தால், எம்-சீல் போன்ற பிசையும் பசையாலோ, அளவாகக் கடைந்த ஒரு மரத்துண்டாலோ அடித்தளம் அமைத்துக்கொள்ளலாம்.

அளவு

புதிய முடிக்கட்டை வாங்குவதற்கு முன் குழியின் விட்டத்தையும் ஆழத்தையும் வெர்னியர் காலிப்பரால் மூன்று இடங்களில் அளந்து, சிறிய அளவைக் கணக்கில் கொள்ளுங்கள். முடிக்கட்டுகள் 20, 22, 24, 26 மி.மீ. என்ற அடி விட்டங்களில் விற்கின்றன. குழி அதைவிட அரை மி.மீ. முதல் 1 மி.மீ. வரை அகலமாக இருப்பது பசைக்கு இடம் தரும். கைப்பிடி மெலிதாக இருந்தால் பெரிய முடிக்கட்டுக்காகக் குழியை அகலப்படுத்தாதீர்கள். சுவர் மெலிந்தால் ஈரத்தில் வெடித்துவிடும்.

விளிம்புக்கு மேலே முடி எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதே பிரஷ்ஷின் குணத்தை முடிவு செய்கிறது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன்: அடிமுதல் நுனிவரை 65 மி.மீ. உள்ள முடிக்கட்டு 15 மி.மீ. ஆழக் குழியில் இறங்கினால் 50 மி.மீ. வெளியே நிற்கும். 22 மி.மீ. விட்டத்துக்கு அது நல்ல அளவு. இரண்டு மூன்று மி.மீ. ஆழமாக இறக்கினால் பிரஷ் விறைப்பாகி, கட்டிச் சோப்பிலிருந்து நுரையை எளிதில் எடுக்கும்; உயரமாக நிறுத்தினால் தளர்ந்து, முகத்தில் மென்மையாகப் பரவும். அதற்காக அளவுக்கு மீறி ஆழமாக இறக்கினால், மேலே பரவி நிற்க வேண்டிய முடி விளிம்பில் நெருக்குண்டு சில மாதங்களில் அங்கேயே ஒடியத் தொடங்கும். பழைய பட்டறைகளில் ஒவ்வொரு கைப்பிடி வடிவத்துக்கும் இவ்வளவு எடை முடி, இவ்வளவு உயரம் என்று தனித்தனியே பழக்கமாக வைத்திருந்தார்கள். நமக்கு அந்தக் கணக்கு கிடைக்காது, நாமே சோதித்துத்தான் அறிய வேண்டும். முடிக்கட்டைப் பசையில்லாமல் வைத்து, அடியில் வாஷர் அல்லது தக்கைத் துண்டு போட்டு உயரத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, உள்ளங்கையில் அழுத்தி, முடி விரியும் விதம் திருப்தி தந்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். நான் இதற்கு இரண்டு மூன்று நாட்கள் எடுத்துக்கொள்வது வழக்கம்.

எந்த முடி?

முன்பு இந்தக் கேள்விக்கு நிலையான பதில் ஒன்று இருந்தது: வசதியுள்ளவருக்குப் பேட்ஜர் முடி, மற்றவருக்குப் பன்றி முடி. பேட்ஜர் என்பது வளை தோண்டி வாழும் விலங்கு. அதன் முடியில் வெளிர் நுனி, கரிய நடுப்பட்டை, வெளிர் அடி என்ற வரிசை இருக்கும். அது நிறைய நீரைத் தாங்கிக்கொள்ளும், நுனியும் மிக மென்மையானது. ‘பியூர்’, ‘பெஸ்ட்’, ‘சூப்பர்’, ‘சில்வர்டிப்’ என்று விற்பனையாளர்கள் தரம் பிரிப்பார்கள், ஆனால் இதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட தர அளவுகோல் எதுவும் இல்லை. ஒருவரது பெஸ்ட் இன்னொருவரது சூப்பராக இருக்கலாம். பன்றி முடி தடித்தது, விறைப்பானது, பழகப் பழக இதமாவது. இந்தியாவுக்கும் இந்த வணிகத்தில் பங்கு உண்டு: பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலிருந்தே கான்பூர் பன்றி முடி ஏற்றுமதிக்குப் பெயர் பெற்ற ஊர்.

இன்று நான் பேட்ஜர் முடியைப் பரிந்துரைப்பதில்லை. பிரிட்டனில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விலங்கைப் பாதுகாக்கிறது. உலகச் சந்தைக்கு வரும் பேட்ஜர் முடி ஏறக்குறைய முழுவதும் சீனாவிலிருந்து வருகிறது. 2018-இல் அங்குள்ள பண்ணைகளில் அந்த விலங்குகள் நடத்தப்படும் விதத்தை விலங்கு உரிமை அமைப்பு ஒன்று படம்பிடித்து வெளியிட்ட பிறகு, பல நிறுவனங்கள் அந்த முடியைக் கைவிட்டன. ஜெர்மனியில் எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதியிலுள்ள ஸ்டூட்சன்குருன் ஊரில் 1945-இல் தொடங்கி, 1972-இல் கிழக்கு ஜெர்மன் அரசால் தேசியமயமாகி, ஜெர்மானிய இணைப்பை ஒட்டிக் குடும்பத்தாரிடம் திரும்பிவந்த மியூலே நிறுவனமும் செயற்கை இழைக்கு மாறியவற்றில் ஒன்று. அரசு பறித்ததையும் தாங்கி நின்ற ஒரு குடும்பத் தொழில் தன் மிகச் சிறந்த மூலப்பொருளைத் தானே விட்டுவிட முடிவு செய்ததை நான் மதிக்கிறேன். பேட்ஜர் முடியைக் கையாளும் திறன் அதனால் இன்னும் வேகமாக மறையும் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் இந்த இழப்பை ஏற்கத்தான் வேண்டும்.

செயற்கை இழை முடிக்கட்டுகள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெரிதும் முன்னேறியிருக்கின்றன. பழைய நைலான் பிரஷ் நினைவில் உள்ளவர்கள் அதை வைத்து இதை எடைபோட வேண்டாம். இவை விரைவில் காயும், வாசம் இல்லை, முன்கூட்டி ஊறவைக்க வேண்டியதில்லை, குறைந்த சோப்பில் நிறைய நுரை தரும். முதல் முறையாக இந்த வேலையைச் செய்பவர் 22 அல்லது 24 மி.மீ. செயற்கை முடிக்கட்டு ஒன்றை வாங்குவதே நல்லது. தவறு நேர்ந்தாலும் இழப்பு சிறிது.

ஒட்டுதல்

குழியின் உட்சுவரையும் முடிக்கட்டின் அடியையும் ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். ஒட்டுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. அரால்டைட் போன்ற இரட்டைக் குழாய் எபாக்சி உறுதியானது, நீர் புகாதது, ஆனால் மறுபடி எடுக்க வேண்டுமானால் மீண்டும் குடைய வேண்டியிருக்கும். சிலிக்கோன் சீலன்ட் அந்த அளவு இறுக்கமாகப் பிடிக்காது, ஆனால் தேவைப்படும்போது முடிக்கட்டைத் திருகி எடுத்துவிடலாம். பழைய, அரிய கைப்பிடிகளுக்கு நான் சிலிக்கோனையே பயன்படுத்துகிறேன்.

பசையைக் குழியின் அடியிலும் சுவரின் கீழ்ப்பாதியிலும் மட்டும் பூச வேண்டும். மேல்பாதியில் பூசினால் முடிக்கட்டு இறங்கும்போது பசை மேலே பிதுங்கி முடிக்குள் ஏறிவிடும். ஏறிய பசையை எதனாலும் எடுக்க முடியாது. முடிக்கட்டைச் சற்றே திருகியபடி இறக்கி, பக்கவாட்டில் கண் மட்டத்தில் வைத்துச் சாய்வில்லையா என்று நான்கு திசைகளிலிருந்தும் பாருங்கள். பிறகு ஒரு முழு நாள் அசையாமல் நிமிர்த்தி வையுங்கள். அதற்கு முன் நீரில் நனைக்கக் கூடாது.

பழக்குதலும் பராமரிப்பும்

விலங்கு முடியாக இருந்தால் முதலில் சிறிது ஷாம்பூவில் கழுவி, பிறகு மூன்று நான்கு நாட்கள் உள்ளங்கையில் சோப்பு நுரை எழுப்பிக் கழுவி உலர்த்துங்கள். தொடக்க வாசம் போய்விடும். பன்றி முடிப் பிரஷ்ஷுக்கு இன்னும் பொறுமை வேண்டும். ஒவ்வொரு முறையும் சவரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்க வேண்டும். பதினைந்து இருபது சவரங்களுக்குப் பிறகு ஒவ்வொரு முடியின் நுனியும் இரண்டு மூன்றாகப் பிளந்து, முரட்டுத்தனம் போய்விடும். முதல் இரண்டு வாரங்களில் சில முடிகள் உதிர்வது இயல்பு. கொத்தாக வந்தால் முடிக்கட்டின் பசையே பழுதானது என்று பொருள். அதைச் சரிசெய்ய முடியாது.

நுரை எழுப்பும்போது பிரஷ்ஷின் நுனியால் வேலை வாங்குங்கள், அடிவரை நசுக்காதீர்கள். கோப்பையின் அடியில் ஓங்கி அழுத்திச் சுழற்றுபவர்களின் பிரஷ்ஷில் ஓராண்டுக்குள் நடுமுடி ஒடிந்து பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கை பொறுக்கும் சூட்டை மீறிய நீர் விலங்கு முடிக்கும் பசைக்கும் கேடு.

சென்னை போன்ற ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடின நீரிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து வெண்படிவமாக முடியின் அடியில் தங்கி, முடிகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து விறைப்பாக்கும்; முடி கெட்டுவிட்டது என்று பலர் பிரஷ்ஷை எறிந்துவிடுவது இதனால்தான். வெள்ளை வினிகர் ஒரு பங்கும் நீர் பத்துப் பங்கும் கலந்து, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் முடியை மட்டும் அதில் அலசி, நல்ல நீரில் கழுவினால் படிவம் கரைந்துவிடும். கூடுமானால் கடைசி அலசலுக்குக் குடிநீரைப் பயன்படுத்துங்கள்.

சவரம் முடிந்ததும் நுரை முழுவதும் போகும்வரை அலசி, இரண்டு மூன்று முறை உதறி, துண்டில் மெல்ல ஒற்றி, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். தலைகீழாகத் தொங்கவிடுவது கட்டாயம் என்று சொல்வார்கள். நன்றாக உதறியிருந்தால் நிமிர்த்தி வைத்தாலும் காய்ந்துவிடும் என்பது என் அனுபவம். ஈரத்தோடு டப்பாவிலோ பயணப் பையிலோ மூடிவைப்பதுதான் உண்மையான கேடு. மழைக்காலத்தில் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். மரக் கைப்பிடியாக இருந்தால் நீரில் நிற்கவைத்து ஊறவைக்காதீர்கள், விளிம்பு வழியாக ஈரம் இறங்கி மரம் உப்பும்.

கடைசியாக ஒரு சிறு வேலை. குழியின் விட்டம், ஆழம், பொருத்திய முடிக்கட்டின் அளவு, வெளியே நிற்கும் உயரம், பயன்படுத்திய பசை எபாக்சியா சிலிக்கோனா என்பது, பொருத்திய தேதி ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி, பிரஷ்ஷை வைக்கும் பெட்டியின் மூடியில் உட்புறமாக ஒட்டிவிடுங்கள். முன்பு பட்டறையில் ஒருவர் நினைவில் வைத்திருந்த அந்த அளவுகள், பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து இதே கைப்பிடியைத் திறக்கப்போகிறவருக்குத் தேவைப்படும்.